மூக்குக்குழாய் அடைபட்டபோது

பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த ஐயா அவர். மூக்கு வழியாய் இரைப்பைக்குப் போகும் குழாயில்தான் சாப்பாடு. முல்லைத்தீவுப் பக்கம் வீடு. "மிஸ், கஞ்சி இறங்குதில்லை" என்று மகள் அழுதா. குளிசைகளை இடித்து, வடிகட்டாத கஞ்சிக்குள்ளேயே கலந்திருந்தா. அவவில் பிழையில்லை, வீட்டுக்கு விடும்போது ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூக்கடியில் குழாயின் அடையாளம் நகரவில்லை என்று முதலில் பார்த்தேன். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, மெல்லத் தள்ளி மெல்ல இழுத்தேன். பலமாய் அழுத்தவே கூடாது, குழாய் வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் அடைப்பு இளகியது. குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று அறிய, உறிஞ்சிய திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) பார்த்தேன்; அது 5.5க்குள் இருந்த பிறகுதான் உணவு கொடுத்தேன், தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து.

என்னை உறுத்தியது அவருடைய மெலிவு. நிறுக்க வழியில்லை, மேல்கையின் சுற்றளவை அளந்தேன், 21 சென்ரிமீற்றர். 23.5க்குக் குறைந்தாலே ஊட்டச்சத்துக் குறைவோ என்று யோசிக்க வேண்டும். அன்றே கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.