தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

உயர்தரப் பெறுபேறு வரும் காலத்தில் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம் ஒட்டாத சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லா விளம்பரமும் கேட்பது, எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்றுதான். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் பிறகு வரவேண்டியது. மலையகத்திலிருந்து போகும் விண்ணப்பங்கள் பல, புள்ளிகள் இருந்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரிலோ அப்பாவின் வங்கிக் கணக்கிலோதான் தடுக்கி விழுகின்றன. அதனால் இந்த விளக்கத்தைக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். முதல் பட்டத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதியது. முதுமாணிக்குக் கணக்கே வேறு.

படி 1: பெயர்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வையுங்கள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டத்துப் பிறப்புகள் பல சிங்களத்தில் பதியப்பட்டவை. பதிவாளர் காதில் விழுந்தபடி பெயர் எழுதப்பட்டிருக்கும். பாடசாலையில் ஆசிரியர் வேறு விதமாக எழுதியிருப்பார். தர்ஷினி என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக நிற்கும். ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும்.

உள்ளூரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. விசா அதிகாரிக்கோ, அது இரண்டு ஆள். சிறிய வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். பெயரே மாறியிருந்தாலோ, அப்பா அம்மா பெயர் பிழையாக இருந்தாலோ, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு நாள் எடுக்கும். உயர்தரம் எழுதும்வரை காத்திருக்காமல் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. பெற்றோர் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பணத்தைப் பற்றிய படியில் விளங்கும்.

சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் தர, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே போங்கள். நன்றாக ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் மொழிபெயர்த்தாலும் அது செல்லாது. பரீட்சைச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்தே ஆங்கிலத்தில் பெறலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சில நாடுகள் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சியும் கேட்கும்.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைப் புரட்டியபோது, மண்சரிவோடு போனதில் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களும் அடக்கம். எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

படி 2: கடவுச்சீட்டு

இதற்குத் தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, கண்டியிலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. பெயரைச் சரிசெய்த பிறகு விண்ணப்பியுங்கள், முன்னால் அல்ல. படத்தை அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும்.

படி 3: ஆங்கிலம்

தமிழ் மொழிமூலம் படித்தவர் என்றால் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். அக்கடமிக் பரீட்சை தேவைப்படும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒன்பது வரை புள்ளி தருவார்கள். முதல் பட்டத்துக்குப் பொதுவாக 6.0 அல்லது 6.5 கேட்பார்கள். அதோடு ஒவ்வொரு பகுதியிலும் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று தனி நிபந்தனையும் வைப்பார்கள். நம் பிள்ளைகள் வாசித்தலில் நன்றாகச் செய்வார்கள், எழுதுதலில்தான் அரைப் புள்ளி இழுக்கும். ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியை எழுதுவதற்கே கொடுங்கள்.

பெறுபேறு இரண்டு வருடமே செல்லுபடியாகும். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதிவிட்டால் விசா நேரத்தில் திரும்ப எழுத வேண்டிவரும். இந்தப் பரீட்சையை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி. என்ற இரண்டு நிறுவனங்களும் கண்டியிலும் அதை வைக்கின்றன. கடவுச்சீட்டில் உள்ள அதே பெயர், அதே இலக்கத்தில் பதியுங்கள்.

படி 4: பணம்

எந்த நாடு என்ற கேள்வி இப்போதுதான் வருகிறது. ஏனென்றால் இதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் பணம்தான்.

படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கும் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிரித்தானியாவில் லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண், லண்டனில் 1,529 பவுண், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. இது 2025 நவம்பரில் உயர்த்திய தொகை. அவுஸ்திரேலியா ஒரு வருடத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் கேட்கிறது. கனடாவில் 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனேடிய டொலர். தொகைகள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசாங்கத் தளத்தில் திரும்பப் பாருங்கள்.

பிரித்தானியாவில் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். கணக்கு உங்களுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கவேண்டும். கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமாவின் கணக்கைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். பெற்றோரின் கணக்கு என்றால் அவர்களுடைய சம்மதக் கடிதத்தோடு, அவர் உங்கள் அப்பாதான் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழையும் வைக்க வேண்டும். சான்றிதழில் ராமையா, வங்கியில் ராமசாமி என்றால் கதை அங்கேயே முடிந்தது.

நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு இந்தத் தொகைகள் எட்டாதவை என்பது எனக்கும் தெரியும். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அதை வைத்து வங்கியில் கல்விக் கடன் எடுக்கவும் வழியில்லை. இந்த இடத்தில்தான் சிலர் ‘ஷோ மணி’, அதாவது விசாவுக்குக் காட்ட மட்டும் கணக்கில் பணம், போட்டுத் தருகிறோம் என்று வருவார்கள். போலி வங்கி ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடம்வரை விசா மறுக்கும், அவுஸ்திரேலியா மூன்று வருடம். அந்த வழிக்கே போகாதீர்கள்.

நேர்வழி புலமைப்பரிசில். நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தியாவை. இந்திய அரசின் கலாசார உறவுகள் பேரவையான ஐ.சி.சி.ஆர். ஊடாக இலங்கை மாணவர்களுக்கு வரும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் முதல் பட்டத்துக்கானது, கட்டணத்தோடு மாதப்படியும் உண்டு. மருத்துவம் இதில் அடங்காது. தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தனியாக இருக்கிறது. அறிவித்தல் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் தளத்தில் வரும். கண்டியில் உதவி உயர்ஸ்தானிகராலயமும் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

அப்புறம் அமெரிக்கா. பணக்கார நாடு, நமக்கு எங்கே என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் தெரிவு செய்து, தேவைப்படும் பணத்தை முழுதாகக் கொடுக்கின்றன. இடம் கிடைப்பது மிக மிகக் கடினம். ஆனால் கிடைத்தால் காசு தடையில்லை. கொழும்பில் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை நடக்கிறது, அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

படி 5: பல்கலைக்கழகத்தைச் சோதிப்பது

இலங்கைக்குத் திரும்பி அரச வேலைக்கு வரும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவச் சபை ஏற்கிறதா என்பதே முதல் கேள்வி. திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெறுவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் எழுத வேண்டும். இதைக் கேட்காமல் காசு கட்டிவிட்டு ஆறு வருடம் கழித்து யோசிப்பதில் பயனில்லை.

இங்கே பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளியை வெளிநாட்டில் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஏ, பி, சி தான் கணக்கு. நுவரெலியா மாவட்ட ஒதுக்கீட்டில் உள்ளூர்ப் பல்கலைக்கழக இடம் கிடைக்காத பெறுபேறுக்கும் வெளிநாட்டில் இடம் இருக்கலாம். போதாவிட்டால் பட்டத்துக்கு முன் ஒரு வருட ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பு உண்டு, கட்டணமும் கூடவே ஒரு வருடம் கூடும்.

படி 6: விண்ணப்பம்

பிரித்தானியாவுக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாக ஏற்கும் யூகாஸ் தளம், ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவு. முக்கியக் கடைசித் திகதி ஜனவரியில் வரும், நம் பெறுபேறு அதற்குள் வராது. பயப்பட வேண்டாம், ஆசிரியர் எதிர்பார்க்கும் பெறுபேறுகளை வைத்து விண்ணப்பித்தால் நிபந்தனையோடு இடம் தருவார்கள். இதற்குப் பரிந்துரைக் கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும். அதிபரிடம் திடீரென்று போய் நின்றால் சங்கடப்படுவார். நீங்கள் செய்த பாடங்கள், போட்டிகள், பொறுப்புகள் பற்றிய குறிப்பை ஒரு மாதம் முன்னாலேயே அவர் கையில் கொடுங்கள்.

தன்விளக்கக் கட்டுரையில் வறுமையை மட்டும் பத்தி பத்தியாக எழுதுபவர்கள் அதிகம். பிரித்தானியப் பல்கலைக்கழகம் பார்ப்பது அந்தப் பாடத்தில் உங்களுக்கு எவ்வளவு ஈடுபாடு என்பதை. அமெரிக்காவில் குடும்பக் கதைக்கு இடம் உண்டு. அங்கேயும் அந்தச் சூழலில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் வாசிக்கப்படும்.

படி 7: விசா

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் ஓர் ஆவணம் அனுப்பும்: பிரித்தானியாவில் காஸ், அவுஸ்திரேலியாவில் சி.ஓ.ஈ., அமெரிக்காவில் ஐ-20. அது இல்லாமல் விசா விண்ணப்பமே இல்லை. பிரித்தானியாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. கொழும்பில் ஐ.ஓ.எம். என்ற சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு பரிசோதனை செய்கிறது, சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணத்தைப் படிப்புக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டவேண்டும், பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு 350 டொலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணமும் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகமும். அவுஸ்திரேலியா, உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறீர்களா என்று எழுத்தில் கேட்கும். மனப்பாடம் செய்த பதிலைவிடச் சொந்த வார்த்தையில் எழுதியது நிற்கும்.

ஏஜென்டிடம் போகலாமா? போகலாம். பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் காட்டும் இடம் உங்களுக்கு நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை. மூலச் சான்றிதழ்களை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். படிப்புக் கட்டணத்தை, பல்கலைக்கழகம் தந்த கணக்குக்கு, உங்கள் வங்கியில் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் அனுப்புவதற்கான மாணவர் கோப்புத் திறந்து நேரடியாக அனுப்புங்கள். பற்றுச்சீட்டை வங்கி முத்திரையோடு வாங்கி வையுங்கள்.