ஸ்டிக்கர் பசையை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்து சில வாரங்களில் கோலாலம்பூரில் பல வீட்டு வாசல்களில் இதைப் பார்க்கலாம். ஸ்டிக்கர் கோலத்தை உரித்திருப்பார்கள். பசை மட்டும் அதே கோல வடிவத்தில் கறுத்துக் கிடக்கும். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருக்களில் வாங்கி ஒட்டும்போது அதை எப்படி எடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. நம் ஊர் வெக்கையில் பசை இளகிப் பரவி தூசியைப் பிடித்துக்கொள்கிறது, நாளாக ஆக இறுகியும் போகிறது. உடனே கையில் கிடைத்த பிளேடையோ தின்னரையோ எடுத்துவிடுகிறோம். பசை எப்படியும் போய்விடும். அதோடு தரையின் பளபளப்போ பெயிண்டோ போனால் திரும்ப வராது. அதனால் பசை எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மார்பிள் தரையில் எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது. "இயற்கையானதுதானே" என்று பலரும் ஊற்றிவிடுகிறார்கள். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் அதன் மேல்தோல் கரைந்துவிடும். அப்புறம் தெரியும் மங்கல் திட்டு கறை இல்லை, எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஆள் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டியதுதான். மார்பிள் சில்லுகள் பதித்த பழைய தெராசோ தரைக்கும் இதே ஆபத்து உண்டு. எண்ணெயும் வேண்டாம், கல்லுக்குள் ஊறிக் கருமையாக நிற்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பசைமேல் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு டோல் கட்டப் பயன்படும் டச் அண்ட் கோ போன்ற பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெல்லத் தள்ளுங்கள். மிச்சம் இருந்தால் ஃபார்மசியில் விற்கும் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். வழவழப்பான செராமிக் டைல்ஸ் என்றால் இவ்வளவு கவலை இல்லை, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டாலே போதும்.

பிளாஸ்டிக் பொருள்களை அதிகம் கெடுப்பது நெயில் பாலிஷ் ரிமூவர். அதிலுள்ள அசிட்டோன் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், சிலவற்றை வெளிறச் செய்து நுண்ணிய விரிசல் விழ வைக்கும். அசிட்டோன் இல்லை என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பலவற்றில் எத்தில் அசிட்டேட் இருக்கிறது, அதுவும் கரைக்கும். ரைஸ் குக்கர் மூடி, சுவிட்ச், பிரிட்ஜ் கைப்பிடி இதற்கெல்லாம் சமையல் எண்ணெயும் பொறுமையும் போதும்.

கார் கண்ணாடிக்கு வருவோம். 2023 பிப்ரவரியிலிருந்து மலேசியர்களின் சொந்தக் கார்களில் ரோட் டெக்ஸ் (சாலை வரி) வில்லையை ஒட்டி வைக்கத் தேவையில்லை என்றானது. அதன்பின் பலர் பழைய வில்லையைச் சுரண்டி எடுத்தார்கள். வெறும் கண்ணாடியில் பிளேடு ஒன்றும் செய்யாதே என்று நினைப்போம். ஆனால் வில்லை ஒட்டியிருப்பது உள்பக்கம், டின்ட் பிலிமும் அதே உள்பக்கம்தான். பிளேடு பட்டால் பிலிம் கிழியும், அதை ஒட்டுப்போட முடியாது. பின்கண்ணாடியில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஓடும் மெல்லிய கோடுகள் பனிமூட்டத்தை நீக்கும் மின்கம்பிகள், ஒன்று அறுந்தால் அந்த வரி வேலை செய்யாது. அம்மோனியா கலந்த கிளீனரும் சில பிலிம்களைக் கெடுக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியை ஒத்தி எடுத்து, விரல் நுனியால் உருட்டி எடுப்பதே நல்லது.

வீட்டு இரும்புக் கேட்டில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போகும் விளம்பரங்களுக்குத் தின்னர் போட்டால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். மதிய வெயிலில் இரும்பு சூடாக இருக்கும்போது உரித்துப் பாருங்கள், பாதி வேலை தானாக முடியும். வீட்டுச் சுவரில் ஒட்டிய இரட்டைப் பக்க டேப்பை நேராக இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, பின்னால் நைலான் நூலை விட்டு அறுத்து எடுங்கள். எமல்ஷன் பெயிண்ட்மேல் ஆல்கஹால் வேண்டாம், நிறம் துணியோடு வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டுக்குள் பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுப்பு இருக்கும் இடம்வரை போகும். ஜன்னல் சாத்திய பிளாட்டில் ஒரு தீப்பொறி போதும்.

எதைப் பயன்படுத்தினாலும் கண்ணில் படாத மூலையில் முதலில் தொட்டுப் பார்த்துச் சற்று நேரம் காத்திருங்கள். எண்ணெய் தடவி எடுத்த இடத்தை அப்படியே விடாமல் சோப்பு நீரால் கழுவுங்கள். இல்லையென்றால் தரை வழுக்கும், தூசியும் மறுபடி படியும். அதே இடத்தில் புது ஹூக் மாட்டுவதாக இருந்தால், நன்றாகக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் அது நிற்காது.