இங்கிலாந்தில் டயட்டீஷியன் ஆக வருகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

விசா, ஐஇஎல்டிஎஸ் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும். வங்கியில் காட்டும் பணம் 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். 2024 ஜனவரிக்குப் பிறகு சாதாரண முதுகலைப் படிப்புக்கு வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் எம்.எஸ்ஸி. க்ளினிக்கல் நியூட்ரிஷன் முடித்தால் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகச் சேர்ந்துவிடலாம். சான்றிதழில் டயட்டெடிக்ஸ் என்று இருக்கிறதா, நியூட்ரிஷன் என்று இருக்கிறதா என்று யாரும் நோண்டுவதில்லை. முன்னது நோயாளிகளுக்கு உணவு வழியே சிகிச்சை தரும் படிப்பு, பின்னது பொதுவான ஊட்டச்சத்துப் படிப்பு. இங்கே, மருத்துவம் சார்ந்த பல தொழில்களில் இருப்பவர்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு இல்லாமல் டயட்டீஷியன் என்று போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். இங்கே வந்து படிப்பவர்களுக்கு அந்தப் பதிவு, அவர்கள் அங்கீகரித்த படிப்பை முடித்தால்தான்.

என் தோழி கோவையில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுத்தவள். டயாலிசிஸ்காரருக்கு இளநீர் ஏன் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பாள். 'ரெண்டும் ஒண்ணுதான் மேடம், இது ஒரே வருஷம், ஃபீஸும் கம்மி' என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி இங்கே க்ளினிக்கல் நியூட்ரிஷனில் சேர்ந்தாள். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார். டிஸ்டிங்ஷனில் தேறினாள். இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். வேலைக்கான விண்ணப்பத்தில் பதிவு எண் கேட்ட கட்டத்தில் எழுத எதுவுமில்லை. கமிஷனை வாங்கிக்கொண்டு அந்த ஏஜெண்ட் அடுத்த பிள்ளையை அனுப்பிக்கொண்டிருப்பார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நியூட்ரிஷன் படிப்பு மட்டம் என்று சொல்லவில்லை. பொது சுகாதாரம், உணவு நிறுவனங்கள் என்று அதற்கும் வழி உண்டு. வார்டில் நோயாளியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

ஆகவே எச்.சி.பி.சி. இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலைத் திறந்து, உங்கள் ஆஃபர் லெட்டரில் உள்ள படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒரே இடத்தில் இரண்டு படிப்பும் நடக்கும். ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பதிவுக்குத் தகுதி தரும் படிப்பு, என்ற சொல்லைத் தேடுங்கள். அது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, நடுவில் ஆஸ்பத்திரிப் பயிற்சி கட்டாயம். இளங்கலையில் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

ஊரிலேயே டயட்டெடிக்ஸ் படித்து வேலையும் பார்த்தவர்களுக்கு, அந்தத் தகுதியை வைத்தே நேராக எச்.சி.பி.சி.யில் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. கடன் வாங்கும் முன் அதைப் பாருங்கள். தோழி இப்போது அந்த வழியில்தான் போகிறாள். அதுவரை டயட்டெடிக் அசிஸ்டென்ட் வேலை. லண்டனில் சர்க்கரை ஏறி வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், 'சோறே தொடுறேல்ல பிள்ளை' என்றாராம். இவள் புட்டு, இடியப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எத்தனை நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) என்பது வரை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற டயட்டீஷியன் இவள் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டார்.

சரியான படிப்பு கிடைத்துவிட்டதா? ஹெபடைடிஸ் பி, அம்மை ஊசிகள் போட்ட சீட்டையும் காவல்துறை நற்சான்றிதழையும் ஊரிலேயே வாங்கிக் கையோடு கொண்டு வாருங்கள். பயிற்சிக்கு முன் கேட்பார்கள். பயிற்சி ஆஸ்பத்திரி வேறு ஊரிலும் விழலாம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் துறையில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.