மீன் சாப்பாட்டுக் கடை: ஏலத்திலிருந்து இலை வரை

மீன் சாப்பாட்டுக் கடை போடப்போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: மெனு கார்டு அச்சடிக்காதீர்கள். தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் கடை மாமனாரின் அப்பா ஆரம்பித்தது. இன்றுவரை வாசலில் ஒரு கரும்பலகைதான். மீன் வந்து இறங்கிய பிறகுதான் அதில் எழுதுவோம். சீலா கிடைக்காத நாளில் சீலா வறுவல் கிடையாது, அவ்வளவுதான். கார்டில் போட்டுவிட்டால் அதற்காகவே நாலு நாள் மீனைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டிவரும்.

வாங்குவதற்கு எங்கள் ஊர் மீன் ஏலம் நடக்கும் திரேஸ்புரம் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமை வரத்து அதிகம். ஞாயிறு பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி ஐஸ் போட்டுவிட வேண்டும். மீன் எடைக்குச் சரி எடை ஐஸ், உடைத்தது, ஒரு வரிசை ஐஸ் ஒரு வரிசை மீன். உருகிய தண்ணீர் வடிய பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மீன் அந்தத் தண்ணீரில் ஊறினால் கெட்டது. எங்களுக்குத் திங்கள் விடுமுறை, காரணம் புரிந்திருக்கும்.

கண்ணைப் பார்த்து வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். ஐஸ் பட்டாலே நல்ல மீனுக்கும் கண் மங்கும், அதை மட்டும் நம்ப முடியாது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், கொழகொழப்பும் நாற்றமும் கூடாது. வயிற்றை விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. சூரை, அயிலை இரண்டிலும் கூடுதல் கவனம். வெயிலில் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து அரிப்பெடுக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. விலை மலிவாகத் தருகிறார்கள் என்று அந்தக் கூடையைத் தொடாதீர்கள்.

கணக்குப் போடும்போது முழு மீன் எடையில் போடாதீர்கள். தலை, குடல், செதில் போனால் ஒரு கிலோ விளைமீன் முக்கால் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். இங்கேதான் புதுக்கடைக்காரர்கள் நிறையப் பேர் கை சுட்டுக்கொள்கிறார்கள்.

சரி, குழம்புக்கு வருவோம். இது என் மாமியார் கை அளவு. ஒரு கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிய புளி, அரை மூடித் தேங்காய், கைப்பிடிச் சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூள். தேங்காய், சீரகம், பாதி வெங்காயம் மூன்றையும் வெண்ணெயாக அரையுங்கள். திரிதிரியாக இருந்தால் குழம்பு தண்ணீர் வேறு தேங்காய் வேறாகப் பிரியும். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயம், கறிவேப்பிலை, மீதி வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கிக்கொள்ளுங்கள். புளிக்கரைசலில் தூளைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும்வரை கொதிக்க விடுங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுப்பார்கள். அப்புறம் அரைப்பு. அது ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மீனைப் போடுங்கள். மாங்காய்க் காலமானால் இரண்டு துண்டு மாங்காய் சேர்த்து, புளியைக் குறைத்துக்கொள்ளலாம். மீன் விழுந்த பிறகு அகப்பைக்கு வேலை இல்லை. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மண்சட்டிச் சூட்டிலேயே மீதி வேகும். பந்தி பன்னிரண்டரைக்கு என்றால் பதினொன்றரைக்கே இறக்கிவிடுவோம், அந்த ஒரு மணி நேரத்தில்தான் மீனில் காரம் பிடிக்கும்.

வறுவலுக்கு நான் பெரிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, இரும்புக்கல். கலர் பொடி போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை எகிறும். வெளிமாநிலத்திலிருந்து ஐஸில் வரும் மீனை வாங்கிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. நாங்கள் இலையைக் குறைத்துக்கொள்வோம். சாளை, கணவாய், நண்டு, கிடைத்தது எதுவோ அது. கூடவே கருவாட்டுக் குழம்பு. கருவாட்டை மார்ச் மாதமே வாங்கி வையுங்கள், ஏப்ரலில் அதுவும் விலை ஏறிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கல் அடுப்பு பூசுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும்.

ஏலக்காரரிடம் வாரக்கணக்கு வைக்கலாம், ஆனால் சனிக்கிழமை தவறாமல் தீர்த்துவிடுங்கள். பாக்கி நின்றால் அடுத்த வாரம் நல்ல கூடை உங்கள் பக்கம் வராது. கேட்டாலும் "இன்னைக்கு வரத்து கம்மிக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.