சிப்பி சேகரிக்கப் போகுமுன் நீரின் நிலையை அறியுங்கள்
கடலோரத்தில் பொழுதுபோக்காகச் சிப்பியும் மட்டியும் சேகரிப்பவர்கள், கிளம்புமுன் அப்பகுதியின் அண்மைய நீர்ப் பரிசோதனை முடிவையும் தடை அறிவிப்பு ஏதும் உள்ளதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. வளர்ந்த சிப்பி ஒன்று, சூழல் வாய்த்தால், நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேற்பட்ட நீரை வடிகட்டக்கூடியது என்பதால், நீரில் சிறிதளவே இருக்கும் கிருமியும் அதன் உடலில் பன்மடங்காகச் சேர்ந்துவிடும். கனமழை பெய்தால் கழிவுநீரும் கால்நடைச் சாணமும் ஓடைகள் வழியே கடலில் கலப்பதால், மழைக்கு முன் எடுத்த பரிசோதனை முடிவை நம்பிப் போக வேண்டாம். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நீர் தெளிந்திருப்பது (பலரும் ஏமாறுவது இங்கேதான்) தூய்மைக்குச் சான்றாகாது. நன்றாக வேகவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் நச்சுப்பாசிகளிலிருந்து சிப்பியில் சேரும் சாக்சிடாக்சின் என்னும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.