எடுப்பார் கைப்பிள்ளை: எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது

கைப்பிள்ளை என்பது இன்னும் நடக்கத் தொடங்காத, கையிலேயே வைத்திருக்க வேண்டிய குழந்தை. எடுப்பார் என்றால் அதை எடுப்பவர் எவரோ அவர். யார் தூக்கினாலும் அவர் தோளில் சாய்ந்துகொள்ளும் அக்குழந்தையைப் போல, வளர்ந்த ஒருவர் கடைசியாகத் தம்மிடம் பேசியவரின் சொல்லுக்கே இசைந்துபோனால், அவரை எடுப்பார் கைப்பிள்ளை என்கிறோம். எழுதும்போது இடையில் 'க்' இட வேண்டாம். உயர்திணைப் பெயரின் ஈற்று ரகரத்தின் முன் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி.

சென்ற காலபோகம் எனும் மழைக்கால நெற்செய்கைக்கு முன் கிளிநொச்சியில் எங்கள் அயலவர் ஒருவர், காலையில் வேலியருகே நின்று, இம்முறை ஆட்டக்காரி என்ற சிவப்பு நெல்லை விதைக்கப் போவதாகச் சொன்னார். மதியம் தேநீர்க்கடையில் யாரோ வெள்ளை நெல்லுக்குத்தான் விலை என்றதும் அந்த முடிவை மாற்றினார். மாலையில் மைத்துனர் வந்து பேசிவிட்டுப் போனபின், வயலில் பாதியைக் குத்தகைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். "உவர் எடுப்பார் கைப்பிள்ளை" என்றார் என் அம்மா. ஒரே நாளில் மூன்று கைகள். அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

இப்படிக் கை மாறுவதுதான் இச்சொல்லின் உயிர். ஒரே ஒருவரின் விருப்பப்படி ஆடுபவர் கைப்பாவை. தம் நன்மையைக் கணக்கிட்டுப் பக்கம் மாறுபவர் சந்தர்ப்பவாதி. கைப்பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது, ஆகவே இச்சொல்லில் கண்டிப்போடு சிறிது இரக்கமும் கலந்திருக்கிறது.

'சொல்வழி கேட்கிற பிள்ளை' என்று எங்கள் பக்கத்தில் சொல்வது பாராட்டு. பெரியோர் சொற்படி நடக்கும் சிறுவரை எடுப்பார் கைப்பிள்ளை என்பது பிழை மட்டுமல்ல, கொடுமையும்கூட. கூட்டத்தில் பிறர் சொன்ன காரணத்தை ஆராய்ந்து தம் கருத்தை மாற்றிக்கொண்டவருக்கும் இது பொருந்தாது.

ஆட்களுக்கு மட்டுமன்றி அமைப்புகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம்: 'நீர்ப் பங்கீட்டில் கமக்காரர் அமைப்பு எடுப்பார் கைப்பிள்ளையாகிவிடக் கூடாது.' ஆனால் ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்னால் இச்சொல் சுடும். அவ்வேளையில், பிறர் பேச்சுக்கு இழுபடுவதைக் குறிக்க எங்கள் பேச்சு வழக்கிலுள்ள 'எடுபடுதல்' என்ற வினை கைகொடுக்கும். மறுநாள் காலை அதே வேலியருகே அம்மா அந்த அயலவரிடம் சொன்னதும் அப்படித்தான்: "தம்பி, ஆற்றையும் (யாருடையதும்) கதையில எடுபடாதேங்கோ. உங்கட வயல், நீங்கள் யோசியுங்கோ."