டி அண்ட் டி கேம்பெயின்ல சின்னதா ஒரு பறக்குற கப்பல் தேத்துறது எப்படி

டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா கதை ஆடுற ஆட்டம், அதுல எந்த டேபிள்ல உக்காந்தாலும் கேரக்டர்ங்க லெவல் 5 தாண்டினதும் ஒருத்தர் இந்தக் கேள்வியக் கேட்டுடுவாங்க, "டிஎம், இந்த ஊர்ல பறக்குற கப்பல் எதாவது விக்கிறாங்களா?" டிஎம் (கதைய நடத்துற டன்ஜன் மாஸ்டர்) மூஞ்சி அப்படியே சுருங்கும், ஏன்னா அவரு ரெண்டு வாரம் முழிச்சிருந்து வரைஞ்ச மலை, காடு, பாலம், டோல்கேட் கொள்ளைக்கூட்டம் எல்லாத்துக்கும் மேல நீங்க பறந்து போயிடப் போறீங்கன்னு அவருக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிடும். நான் பிளேயராவும் கேட்டிருக்கேன், டிஎம் சீட்ல உக்காந்து வாங்கியும் கட்டிக்கிட்டிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டு சொல்றேன். எல்லாம் 5வது எடிஷன் கணக்கு, தனியா சொல்லாத இடத்துல 2014 புக்குன்னு வச்சுக்கங்க.

முதல்ல ஷோரூம் விலை. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல ஏர்ஷிப், அதாவது பறக்குற கப்பல், 20,000 கோல்ட் (ஆட்டத்துத் தங்கக் காசு). 2024ல வந்த புது ரூல்ஸ்ல அது 40,000 ஆயிடுச்சு, அதனால உங்க டேபிள்ல எந்த புக்குன்னு முதல்லயே கேட்டுக்கங்க, இல்லன்னா பாதி காசோட போய் கவுண்டர்ல அசடு வழிய வேண்டியதுதான். 20,000ன்னா எவ்வளவு? சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியோட பலத்தச் சொல்ற நம்பர்) 5 முதல் 10 வரைக்குமான புதையல் பட்டியல்ல காசு மட்டும் சராசரி போட்டா ஒரு புதையலுக்கு கிட்டத்தட்ட 3,850 கோல்ட் வரும். அப்ப அஞ்சு புதையலுக்கு மேல அடிச்சு, அதுல பார்ட்டில (ஒண்ணா சாகசம் போற குழுவுல) ஒருத்தர் கூட ஒரு கவசமோ ஒரு ஸ்பெல் சுருளோ வாங்காம, அப்படியே உண்டியல்ல போடணும். அஞ்சு பேர் இருக்குற பார்ட்டில இது நடக்குமா, ரோக் (திருட்டுக் கேரக்டர்) ஆடுற ஆள் உங்க பார்ட்டிலயும் இருக்காருல்ல. இன்னொண்ணு, 50 காசு ஒரு பவுண்டு எடைன்றது ரூல், அப்ப 20,000 கோல்டு 400 பவுண்டு, ஸ்ட்ரெங்த் 10 இருக்குறவர் 150 பவுண்டுதான் தூக்க முடியும், வாங்கப் போகும்போதே மாட்டு வண்டி வேணும்.

சரி வாங்கிட்டீங்க. யானைய வாங்கிட்டா ஆச்சா, தீனி யாரு போடுறது? அந்த ஏர்ஷிப்ப ஓட்ட 10 பேர் க்ரூ வேணும்னு புக்குப் பட்டியல்லயே இருக்கு. தொழில் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கோல்ட், 10 பேருக்கு 20, மாசத்துக்கு 600. நீங்க டன்ஜனுக்குள்ள இறங்கி மூணு நாள் எலும்புக்கூட்டோட மல்லுக்கட்டும்போதும் மேல மிதக்குற கப்பல்ல அவங்களுக்கு சம்பளம் ஓடிக்கிட்டுதான் இருக்கும். "நாங்களே ஓட்டிக்கறோம்"னு எல்லா பார்ட்டியும் சொல்லும், நாங்களும் சொன்னோம், அஞ்சு பேரால 10 பேர் வேலைய செய்ய முடியாதுன்னு டிஎம் சிரிச்சிக்கிட்டே அந்தப் பட்டியல எடுத்துக் காட்டினாரு.

வேகம் மணிக்கு 8 மைல். கேக்க சைக்கிள் மாதிரி இருக்கும் ஆனா நிக்காம 24 மணி நேரமும் போகலாம், ஒரு நாளைக்கு 192 மைல், நடந்து போனா ஒரு நாளைக்கு 24 மைல்தான், அதனால எட்டு நாள் நடைய ஒரே நாள்ல முடிச்சிடலாம். ஆனா சண்டைல? 8 மைல்ங்கிறத ஒரு ரவுண்டுக்கு (சண்டைல 6 செகண்ட்) மாத்தினா சுமார் 70 அடி. பெரிய சிவப்பு டிராகன் ரவுண்டுக்கு 80 அடி பறக்கும். அதாவது ஓடித் தப்பிக்கிற கதையே கிடையாது. அதோட நெருப்பு மூச்சு 18 டி6 (ஆறு முகப் பகடை 18), சராசரி 63 டேமேஜ். கப்பலுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது தாங்குற அடி, 300. நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, தண்ணில போற பாய்மரக் கப்பலுக்கு டேமேஜ் த்ரெஷோல்டு 15 உண்டு, அதுக்குக் கீழ வர்ற சின்ன அடியெல்லாம் ஏறவே ஏறாது, ஏர்ஷிப்புக்கு அந்த கட்டத்துல வெறும் கோடுதான் போட்டிருக்கும், கோப்ளின் விடுற ஒத்த அம்பு கூட கணக்குல சேரும்.

இந்த ரிப்பேர் ரூல்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா வழியே இங்கதான் இருக்கு. கப்பல துறைல கட்டிப் போட்டு சரி பண்ணா ஒரு ஹிட் பாயிண்டுக்கு ஒரு நாள், 20 கோல்ட். டிராகன் ஒரு தடவை ஊதினா 63 நாள், 1,260 கோல்ட், அது நஷ்டக் கணக்கு. இப்ப அதையே திருப்பிப் போடுங்க. எங்கயோ காட்டுல மரத்து மேல சொருகிக் கிடக்குற ஒரு உடைஞ்ச ஏர்ஷிப், 300ல 50 ஹிட் பாயிண்ட்தான் மிச்சம். அத முழுசா தேத்த 250 பாயிண்ட், 5,000 கோல்ட். ஷோரூம் விலைல கால்வாசி! நாள்தான் 250 ஆகும், எட்டு மாசத்துக்கு மேல. அதையும் முழுசா தேத்தணும்னு யாரு சொன்னது, 150 பாயிண்டுக்கு கொண்டு வந்துட்டு கிளம்புங்க, 100 நாள், 2,000 கோல்ட், பழைய வண்டிய வாங்கி எஞ்சின் மட்டும் பாத்துட்டு பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்னு ஓட்டுறோம்ல அதே கதைதான்.

அதனால கேக்குற விதத்த மாத்துங்க. "கப்பல் கடை இருக்கா"ன்னு கேக்காதீங்க, "இந்தப் பக்கம் எதாவது கப்பல் விழுந்த கதை உண்டா"ன்னு சத்திரத்துல விசாரிங்க. முதல் கேள்விக்கு டிஎம் இல்லன்னு ஒரு வார்த்தைல முடிச்சிடலாம். ரெண்டாவது கேள்விய அவரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு, அடுத்த வாரம் ஒரு மேப்போட வருவாரு, ஏன்னா நீங்க அவருக்கு நாலு செஷனுக்கு வேலை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கீங்க: கப்பல் எங்க விழுந்துச்சு, யாரோடது, ஏன் விழுந்துச்சு, இப்ப அதுல யாரு குடியிருக்காங்க. அத காட்டுல இருந்து துறைக்கு எப்படி கொண்டு வர்றதுன்னு ஒரு செஷன் தனியா ஓடும். தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, இங்க மட்டும் பாருங்க, டிஎம் சும்மா குடுக்குற கப்பலோட அடித்தளத்துல எதாவது கண்டிப்பா தூங்கிக்கிட்டிருக்கும்.

விஸார்ட் (மந்திரவாதி) இருக்குற பார்ட்டிக்கு இன்னொரு வழி உண்டு, 2022ல வந்த ஸ்பெல்ஜாமர் செட்டுல இருக்கு. அதுல ஸ்பெல்ஜாமிங் ஹெல்ம்னு ஒரு மந்திர நாற்காலி, அத கப்பல்ல வச்சு மந்திரம் போடுற கேரக்டர் ஒருத்தர் அட்யூன் பண்ணி (அத தன்னோட பிணைச்சுக்கிட்டு) உக்காந்தா கப்பல் பறக்கும். சாதா நாற்காலிய அப்படி மாத்துற 5ஆம் லெவல் ஸ்பெல்லும் இருக்கு, விஸார்ட் லெவல் 9ல எடுத்துக்கலாம், ஒவ்வொரு தடவையும் 5,000 கோல்ட் பெறுமான கிரிஸ்டல் கோல் ஒண்ணு கரைஞ்சு போகும். உடனே எல்லாரும் போடுற கணக்கு இதுதான், கீல்போட்ங்கிற படகு 3,000, கோல் 5,000, மொத்தம் 8,000ல கப்பல் ரெடி. நானும் போட்டேன். அப்புறம்தான் பாத்தேன், ஹெல்ம் கப்பலோட சொந்த வேகத்துக்குத்தான் நகர்த்தும், கீல்போட்டோட வேகம் மணிக்கு 1 மைல். கீழ நடந்து போற கிழவி உங்கள தாண்டிப் போயிடுவா. அப்ப ரோ-போட், அதாவது துடுப்புப் படகு? 50 கோல்ட்தான், வேகமும் ஒன்றரை மைல், ஆனா ஹெல்முக்கு கப்பல் குறைஞ்சது ஒரு டன் எடை இருக்கணும், துடுப்புப் படகு 100 பவுண்டு. லாங்ஷிப் எடுத்தா 3 மைல், விலை 10,000, துடுப்பு போட 40 பேர், ஹெல்ம் இருந்தா அந்த 40 பேர் தேவையான்னு டிஎம்கிட்ட சண்டை போட்டு ஜெயிச்சா 15,000ல ஒரு நல்ல வண்டி. இல்லன்னா கீல்போட்டையே வச்சுக்கிட்டு, பறக்கும்போது மட்டும் வேற வேகம் குடுங்கன்னு முன்னாடியே பேசி முடிச்சுக்கங்க, கோல் கரைஞ்ச அப்புறம் பேசினா வேலைக்காகாது. உக்காந்திருக்குறவர் ஹெல்ம் மேல கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்துல ஒண்ணு மேல மட்டும் வைக்கக் கூடிய கவனம்) வச்சிருக்கணும்ங்கறதும் இருக்கு, அதனால சண்டை நேரத்துல உங்க விஸார்ட் முதல்ல டிரைவர்தான், அதே கவனம் கேக்குற ஹேஸ்ட் போடுங்க ஃப்ளை போடுங்கன்னு அவர நச்சரிக்க முடியாது.

எங்க டேபிள்ல ஒரு அதிபுத்திசாலி ஃபோல்டிங் போட்ங்கிற மடக்குற மந்திரப் படகுல இந்த நாற்காலிய வச்சா பாக்கெட்டுல போட்டுக்கிற பறக்குற கப்பல் ஆச்சேன்னு கிளம்பினாரு. 12 இஞ்ச் பெட்டி, ஒரு வார்த்தை சொன்னா 24 அடி கப்பலா விரியும், நல்ல ஐடியாதான். ஆனா மடக்கும்போது பெட்டிக்குள்ள அடங்காத சாமான் வெளிலயே நின்னுடும்னு ரூல்லயே போட்டிருக்கு. கப்பல் பாக்கெட்டுல, நாற்காலி தலைல. அந்த ஒரு டன் கணக்கு வேற தனி வழக்கு.

எபெரான்ங்கிற டி அண்ட் டி உலகத்துல ஆடுறீங்கன்னா கதை வேற. அங்க ஏர்ஷிப்னா லிரான்டார் ஹவுஸ்ங்கிற வணிகக் குடும்பத்து சமாச்சாரம், புயல் மார்க்ங்கிற மந்திரக் குறி உடம்புல இருக்குற ஹாஃப் எல்ஃப்ங்க தொழில். ஸிலார்கோ நாட்டு நோம்ங்க கைபர் டிராகன்ஷார்டுங்கிற மந்திரக் கல்லுல கட்டிப் போட்ட எலிமென்டல்ங்கிற இயற்கை சக்தி ஆவிதான் கப்பல் சுத்தி வளையமா எரியுற எஞ்சின், மரம் எரேனல் தீவுல வளர்ற சோர்வுட். அந்த உலகக் கணக்குல 990ல தான் முதல் கப்பல் ஓட ஆரம்பிச்சுது, கேம்பெயின் ஆரம்பம் 998, அதனால செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டே இன்னும் சரியா உருவாகல. திருடலாம், தாராளமா திருடலாம், ஆனா மார்க் இல்லாதவங்க வீல புடிச்சா அந்த எலிமென்டல கெஞ்சியும் மிரட்டியும்தான் நகர்த்தணும், அதுக்கு மூடு இல்லன்னா ஷார்ன் நகரத்துக் கோபுரத்துலயே சாத்திடும். இங்க நான் சொல்ற வழி, பார்ட்டில ஒருத்தர் கேரக்டர் போடும்போதே லிரான்டார் ஹாஃப் எல்ஃபா எடுத்துக்கறது, குடும்பத்தோட சண்டை போட்டுட்டு வந்தவர்னா இன்னும் நல்லது. குடும்பக் கப்பல் ஒண்ண "கடனா" எடுத்துட்டு வந்தா கேம்பெயின் முடியுற வரைக்கும் துரத்துறதுக்கு டிஎம்முக்கு ஆள் கிடைச்சிடும்.

எந்த வழில வந்தாலும் ஒண்ணு பண்ணிக்கங்க, ஓட்டுறதுக்கு டிஎம் கைல இருக்குற ஒரு கேரக்டர சம்பளத்துக்கு வச்சுக்கங்க. நாங்க வைக்கல. எங்க விஸார்ட் ஆடுறவருக்கு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டு வளைகாப்பு, ஹெல்ம்ல உக்கார வேற ஆள் இல்ல, ராட்சசங்க கோட்டைக்கு மேல பறந்து இறங்குறதுக்கு ஒரு மாசமா பிளான் போட்டு வச்சிருந்த நாங்க அன்னைக்கு மலையேறி நடந்துதான் போனோம், டிஎம்முக்கு அவ்வளவு சந்தோஷம்.